கேமராவைக் கீழே வைக்காத இயக்குநர்

ஒளிப்பதிவாளர் ஒருவர் இயக்குநர் ஆகிவிட்டால் பெரும்பாலும் முதலில் செய்கிற காரியம், கேமராவை இன்னொருவர் கையில் கொடுப்பதுதான். உலகம் பூராவும் இதே கதை. ஹங்கேரியில் படித்து அங்கேயே சினிமாவுக்குள் நுழைந்தவர் ரூடால்ஃப் மாத்தே. கார்ல் ட்ரேயரின் 'தி பேஷன் ஆஃப் ஜோன் ஆஃப் ஆர்க்' (1928) படத்தில் முகங்களை மட்டுமே வைத்து மிரட்டிய கேமரா அவருடையது. பிறகு ஹாலிவுட் போய் 'கில்டா' எடுத்தார். இயக்குநராகி 'டி.ஓ.ஏ.' என்ற படத்தைச் செய்தபோது கேமராவுக்கு வேறொருவர், எர்னஸ்ட் லாஸ்லோ. (அவரும் புடாபெஸ்ட்காரர்தான், அது வேறு விஷயம்!) இஸ்த்வான் சாபோவின் 'மெஃபிஸ்டோ'வுக்கு ஒளிப்பதிவு செய்த லாயோஸ் கோல்தாய், 2005ல் 'ஃபேட்லெஸ்' படத்தை இயக்கினார். இம்ரே கெர்டேஸின் நாவல் அது. அதற்கும் கேமரா இன்னொருவர். சீனாவின் ஜாங் யிமோ அப்படித்தான். நம்மூரில் கே.வி.ஆனந்த் 'கனா கண்டேன்', 'அயன்' எடுத்தபோதும் அப்படித்தான்.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. இயக்குநர் நடிகரைப் பார்க்க வேண்டும், கதையைப் பார்க்க வேண்டும், தயாரிப்பாளரின் முகத்தைப் பார்க்க வேண்டும். கேமராவின் சின்ன ஓட்டைக்குள்ளேயே கண்ணை வைத்துக் கொண்டிருந்தால் மற்றதெல்லாம் தப்பிப் போகும் என்பது ஒரு நியாயமான பயம்.

பாலு மகேந்திரா அந்தப் பயத்தை மதிக்கவில்லை. 1977ல் வந்த 'கோகிலா'விலிருந்து 2013ல் வந்த 'தலைமுறைகள்' வரை, அவர் இயக்கிய படங்களுக்கு அவரே கேமரா. பெரும்பாலானவற்றுக்குத் திரைக்கதையும் படத்தொகுப்பும் கூட அவரே. ஐந்து மொழிகள், இருபதுக்கு மேல் படங்கள். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் 'ஒளி ஓவியர்' என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுக் கடந்து போய்விடுகிறார்கள். ஆனால் இந்தப் பிடிவாதத்தைப் பிடித்துக்கொண்டு போனால்தான் அவருடைய முழு வாழ்க்கையும் புரிகிறது. அவர் எங்கே ஜெயித்தார், எங்கே தோற்றார், எதை இழந்தார் என்பதெல்லாம் இதிலேயே இருக்கிறது.

மட்டக்களப்பிலிருந்து பூனா

பிறந்தது 1939 மே 20. இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்புக்குப் பக்கத்தில் அமிர்தகழி என்ற ஊர். படித்தது மட்டக்களப்பு புனித மைக்கேல் கல்லூரியில். பள்ளி நாட்களிலேயே 'பைசிக்கிள் தீவ்ஸ்', 'பேட்டில்ஷிப் பொட்டம்கின்' போன்ற படங்களைப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்திருக்கிறது. அந்தக் காலத்து மட்டக்களப்புப் பையனுக்கு இது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

அவரே பலமுறை சொன்ன கதை ஒன்று உண்டு. டேவிட் லீன் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தை இலங்கையில் எடுத்துக்கொண்டிருந்த சமயம். பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு போன இடத்தில் படப்பிடிப்பு நடக்கிறது. லீன் 'மழை' என்று சத்தம் போடுகிறார், மழை கொட்டுகிறது. வானத்திலிருந்து வருவதை ஒரு மனிதன் உத்தரவு போட்டு வரவழைக்கிறானே என்று அந்தப் பையன் வாயைப் பிளந்து நிற்கிறான். நாமும் டைரக்டர் ஆக வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்ததாகச் சொல்வார்.

வேடிக்கை என்னவென்றால், மழையை வரவழைத்தவரைப் பார்த்து சினிமாவுக்கு வந்த இந்த மனிதர், பின்னாளில் வெயிலும் மழையும் தானாக வரும்வரை காத்திருந்தே படம் எடுத்தார்.

1966ல் பூனா திரைப்படக் கல்லூரி. அங்கே அவருக்குக் கிடைத்தது ஒளிப்பதிவுப் பிரிவில் இடம். 1969ல் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தார். பதக்கம் இருந்தது, வேலை இல்லை. அன்றைக்குத் தென்னிந்திய ஸ்டூடியோக்களில் ஒளிப்பதிவு என்பது குருகுலம் மாதிரி. உதவியாளராகச் சேர்ந்து, லைட் தூக்கி, லென்ஸ் துடைத்து, பத்து வருடம் கழித்துத்தான் கேமராவைத் தொடலாம். கல்லூரியில் படித்து வந்தவனை நம்பி லட்சக்கணக்கில் பணம் போட யாருக்கும் தைரியம் வரவில்லை.

தைரியம் வந்தது 'செம்மீன்' எடுத்த ராமு காரியாட்டுக்கு. பாலு மகேந்திராவின் டிப்ளமோ படத்தைப் பார்த்துவிட்டு 'நெல்லு' படத்தைக் கொடுத்தார். பி.வல்சலாவின் நாவல், வயநாட்டுப் பழங்குடி மக்களின் கதை. அது வெளிவர 1974 ஆகிவிட்டது. வந்ததும் கேரள அரசின் சிறந்த ஒளிப்பதிவாளர் விருது. அதற்குள் மலையாளத்தில் வரிசையாகப் படங்கள் வரத் தொடங்கிவிட்டன.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பரதனின் முதல் படம் 'பிரயாணம்' (1975), கேமரா பாலு மகேந்திரா. மகேந்திரன் இயக்கிய முதல் படம் 'முள்ளும் மலரும்' (1978), கேமரா பாலு மகேந்திரா. மணிரத்னத்தின் முதல் படம் கன்னடத்தில் 'பல்லவி அனுபல்லவி' (1983), அதற்கும் அவரே. தென்னிந்திய சினிமாவின் போக்கை மாற்றிய மூன்று பேர், முதல்முதலாக 'ஆக்‌ஷன்' சொன்னபோது கேமராவுக்குப் பின்னால் நின்றவர் ஒரே ஆள்! இதை எந்த விருதுப் பட்டியலிலும் சேர்க்க முடியாது.

ஜன்னல் வெளிச்சம்

அவர் அப்படி என்னதான் செய்தார்? 'இயற்கை ஒளி' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள். அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிலில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. பதப்படுத்திய தோலைத் தரம் பிரிக்கும் மேஜையை வடக்கு ஜன்னல் பக்கம் போடுவதுதான் இந்தத் தொழிலின் பழைய வழக்கம். வடக்கிலிருந்து வரும் வெளிச்சத்தில் நேரடி வெயில் இருக்காது, காலையிலிருந்து மாலை வரை பெரிய மாற்றமும் இருக்காது. தோலின் உண்மையான நிறமும், மேலே இருக்கும் சின்னக் கீறலும், பழைய உண்ணிக் கடித் தழும்பும் அதில்தான் தெரியும். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் இரண்டாம் தரம் முதல் தரம் மாதிரி ஏமாற்றிவிடும். அந்த ஏமாற்றத்துக்கு ஏற்றுமதிக்காரர் பணம் கொடுத்தாக வேண்டும்.

பழைய ஸ்டூடியோ லைட்டிங் அந்த மஞ்சள் பல்பு மாதிரி. அதிலும் மேதைகள் இருந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. 'மாயா பஜார்' (1957) எடுத்த மார்கஸ் பார்ட்லியை யாரால் குறை சொல்ல முடியும்? ஆனால் அது வேறு கலை. கதாநாயகி நடுராத்திரியில் விளக்கை அணைத்தாலும் முகம் பளபளவென்று இருக்கும். குடிசைக்குள்ளும் நாலு பக்கமிருந்து வெளிச்சம் வரும்.

வங்காளத்தில் சுப்ரதா மித்ரா இதை முதலிலேயே உடைத்தார். சத்யஜித் ராயின் 'அபராஜிதோ'வில் (1956) காசி வீட்டு முற்றத்தை செட் போட்டு, மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்குகளை அதில் பட்டுத் திரும்ப வைத்து, வானத்திலிருந்து இறங்கும் வெளிச்சம் போலக் காட்டினார். பூனாவில் படித்தவர்களுக்கு அதெல்லாம் பாடம். பாலு மகேந்திரா அந்தப் பாடத்தை வண்ணப் படத்துக்குக் கொண்டுவந்தார்.

சொல்வது சுலபம். 1970களில் இருந்த ஈஸ்ட்மன் வண்ண நெகடிவின் வேகம் 100 ஏஎஸ்ஏதான். இன்றைக்குச் சாதாரண செல்போன் கேமராவே ஆயிரத்தைத் தாண்டிப் போகிறது. அந்த 100ஐ வைத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு முகத்தை எடுக்க வேண்டுமென்றால், லென்ஸை முழுக்கத் திறக்க வேண்டும். திறந்தால் ஃபோகஸ் ஒரு நூலிழைதான். நடிகர் அரை அடி நகர்ந்தால் முகம் கலங்கிப் போகும். எனவே நடிகர் எங்கே நிற்பார், எப்போது திரும்புவார் என்பது கேமராமேனுக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

அதாவது, காட்சியை முடிவு செய்கிறவரும் வெளிச்சத்தை அளக்கிறவரும் ஒரே ஆளாக இருந்தால் வேலை பாதி. அவர் கேமராவை விடாததற்கு இதைவிட நடைமுறையான காரணம் தேவையில்லை.

இதில் கணக்கும் இருக்கிறது. செட் வாடகை இல்லை. பெரிய லைட்டுகள் இல்லை, அவற்றை ஏற்றிவரும் லாரி குறைவு, ஜெனரேட்டர் ஓடும் நேரம் குறைவு. அதற்குப் பதிலாக அவர் செலவழித்தது நேரம். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம், நடுவில் உச்சி வெயிலில் காத்திருப்பு. எந்தச் செலவைக் குறைத்தாலும் அது வேறொரு பெயரில் வந்து நிற்கும் என்று காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவர்களுக்குத் தெரியும்.

கோகிலாவும் மூன்றாம் பிறையும்

முதல் படம் கன்னடத்தில். கமல்ஹாசன், ஷோபா நடித்த 'கோகிலா'. மோகன் என்ற புதுப் பையன் அதில் அறிமுகமானார், பின்னாளில் 'மைக் மோகன்' ஆனவர் அவரேதான். கருப்பு-வெள்ளைப் படம். கன்னடப் படமாக இருந்தும் சென்னையில் நூறு நாளைத் தாண்டி ஓடியது. கருப்பு-வெள்ளை ஒளிப்பதிவுக்கான தேசிய விருதும் கிடைத்தது.

அடுத்து தமிழில் 'அழியாத கோலங்கள்' (1979), அப்புறம் 'மூடுபனி' (1980). 'மூடுபனி' இளையராஜாவுக்கு நூறாவது படம். அதற்குப் பிறகு பாலு மகேந்திரா இயக்கிய படங்களுக்குக் கடைசிவரை இளையராஜாதான். இதற்கு நடுவில் கே.விஸ்வநாத்தின் 'சங்கராபரணம்' படத்துக்கும் ஒளிப்பதிவு செய்து கொடுத்துவிட்டு வந்தார். இயக்குநராகிவிட்டோமே, இனி இன்னொருவர் படத்துக்குக் கேமரா தூக்குவதா என்ற கௌரவம் பார்க்கவில்லை.

1980 மே 1ஆம் தேதி ஷோபா தற்கொலை செய்துகொண்டார். வயது பதினேழு. 'பசி' படத்துக்காகத் தேசிய விருது பெற்ற நடிகை. பாலு மகேந்திரா ஏற்கெனவே மணமானவர், ஷோபாவையும் மணந்திருந்தார், வயது நாற்பது. பாலு மகேந்திராவைப் புகழ்ந்து எழுதுகிற பல கட்டுரைகள் இந்த இடத்தில் மெதுவாகப் பக்கத்தைப் புரட்டிவிடுகின்றன. அது ஷோபாவுக்குச் செய்கிற நியாயம் இல்லை. அந்த இழப்பிலிருந்துதான் 'மூன்றாம் பிறை' (1982) வந்தது என்று அவரே பின்னாளில் சொன்னார். அந்தப் படத்தில் நினைவிழந்து குழந்தையாகிப்போன பெண்ணைக் கதாநாயகன் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறான். கடைசியில் அவளுக்கு எல்லாம் நினைவுக்கு வருகிறது, அவனைத் தவிர. கேத்தி ரயில் நிலையத்தில் கமல் குட்டிக்கரணம் போடுவதைப் பார்த்து அழாதவர்கள் குறைவு. அந்தக் காட்சியை மேலே சொன்ன தகவலோடு சேர்த்துப் பார்க்கும்போது அது இன்னும் சிக்கலாகிறது. சிக்கலாகவே இருக்கட்டும்.

கமலுக்குச் சிறந்த நடிகர், பாலு மகேந்திராவுக்குச் சிறந்த ஒளிப்பதிவாளர் என்று இரண்டு தேசிய விருதுகள். அடுத்த வருடமே இந்தியில் 'சத்மா'.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அவர் படங்களை வரிசையாகப் பார்த்தால் ஒரே முக்கோணம் திரும்பத் திரும்ப வரும். ஓர் ஆண், இரண்டு பெண்கள். 'கோகிலா', மலையாள 'ஓளங்கள்', 'ரெட்டைவால் குருவி', 'மறுபடியும்', 'சதிலீலாவதி'. ஒரே கதையைச் சோகமாகவும், சிரிப்பாகவும், பெண்ணின் பக்கமிருந்தும், ஆணின் பக்கமிருந்தும் எழுதிப் பார்த்துக்கொண்டே இருந்தார். 'மறுபடியும்' படத்தில் மட்டும்தான் மனைவி திரும்பிப் பார்க்காமல் போகிறாள். அது மகேஷ் பட்டின் 'அர்த்' படத்தின் ரீமேக்.

கதைகளை வெளியிலிருந்து எடுப்பது அவருக்குப் பழக்கமாகவே இருந்தது. 'ஓளங்கள்' எரிக் சீகலின் நாவல். 'ஜூலி கணபதி' (2003) ஸ்டீபன் கிங்கின் 'மிஸரி'. 'ரெட்டைவால் குருவி'க்கும் 'சதிலீலாவதி'க்கும் ஹாலிவுட் மூலங்கள் உண்டு. கண் இவ்வளவு சொந்தமாக இருந்த ஒருவருக்குக் கதை ஏன் இரவலாக இருந்தது? கேமராவை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு அவர் கொடுத்த விலை இதுதானோ என்று தோன்றுகிறது. எப்படிப் பார்ப்பது என்பதில் முழு ஆளும் கரைந்துவிட்டால், எதைப் பார்ப்பது என்பதற்கு நேரம் மிஞ்சாது.

1984ல் 'நீங்கள் கேட்டவை' என்று ஒரு மசாலா படம் எடுத்தார். உங்களுக்கு கமர்ஷியல் வராது என்று சொன்னவர்களுக்குப் பதில். தலைப்பிலேயே கிண்டல்! ரஜினியை வைத்து 'உன் கண்ணில் நீர் வழிந்தால்' (1985) எடுத்தார், எடுபடவில்லை. அதே வருடம் மலையாளத்தில் மம்மூட்டியை வைத்து எடுத்த 'யாத்ரா' நன்றாக ஓடியது.

வீடு

1988. ஒரு மனிதன் இத்தனை வருடம் வெளிச்சத்தைப் பழகியதெல்லாம் இதற்காகத்தான் என்று சொல்ல வைக்கும் படம்.

கதை எல்லோருக்கும் தெரிந்த கதைதான். சுதா (அர்ச்சனா) ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். தாத்தா, தங்கை, வாடகை வீடு. வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்கிறார். வேறு வீடு தேடி அலைகிறார்கள், கிடைக்கவில்லை. வளசரவாக்கத்தில் குடும்பத்துக்கு இரண்டு மனை இருக்கிறது. ஒன்றை விற்று, கடன் வாங்கி, இன்னொன்றில் கட்டலாம் என்று ஆரம்பிக்கிறாள்.

அவ்வளவுதான். பாட்டு கிடையாது, சண்டை கிடையாது. பிளான் அப்ரூவல், லஞ்சம், செங்கல், சிமெண்ட், கான்ட்ராக்டர். பணம் வருகிறது, போகிறது, மறுபடி தேட வேண்டியிருக்கிறது. காமர்ஸ் வகுப்பில் 'வொர்க்கிங் கேபிடல்' என்று சொல்லிக்கொடுப்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை! மொத்தச் செலவுக்கு எங்கிருந்து பணம் என்று கணக்குப் போட்டு வைத்திருப்பாள். ஆனால் இந்த வாரம் தளம் போட இந்த வாரமே பணம் வேண்டும். ஷூ கம்பெனியில் வேலை பார்த்து, பி.எஃப். கடனையும் நகைக் கடனையும் நம்பி ஆம்பூர்ப் பக்கம் அஸ்திவாரம் போட்ட எந்தக் குடும்பத்துக்கும் இந்தப் படத்தில் புதிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றும் இருக்காது. அதனால்தான் அவர்களால் அதைப் பார்த்துவிட்டு அமைதியாக எழுந்து போக முடியாது.

கான்ட்ராக்டர் சிமெண்டைத் திருடி விற்கிறான். அதைச் சுதாவிடம் சொல்கிறவள் அங்கே சித்தாள் வேலை பார்க்கும் மங்கம்மா ('பசி' சத்யா). படித்த சுதாவுக்குத் தெரியாத கணக்கு, ஒரு மூட்டை சிமெண்ட் எத்தனை சட்டி கலவை ஆகும் என்ற கணக்கு, மங்கம்மாவுக்குத் தெரியும். கான்ட்ராக்டர் போன பிறகு அந்த வீடு எழும்புவது மங்கம்மாவின் தயவில்.

பிறகு அந்தத் தாத்தா. சொக்கலிங்க பாகவதர் பழைய நாடக நடிகர். குடையை எடுத்துக்கொண்டு, தனியாக பஸ் ஏறி, பாதி கட்டிய வீட்டைப் பார்க்க வருகிறார். பூசாத சுவரைத் தடவிப் பார்க்கிறார். ஒவ்வொரு அறையாக நடக்கிறார். வசனம் எதுவும் இல்லை. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்திலிருந்து எடுத்த இசை மட்டும் ஒலிக்கிறது. கதவு, ஜன்னல் எதுவும் இன்னும் வைக்காத கட்டடம் என்பதால் வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் உள்ளே வருகிறது. திரும்பிப் போகும் வழியில் இறந்துவிடுகிறார்.

எல்லாம் முடிந்து இனி குடிபோக வேண்டியதுதான் என்ற நிலையில் ஓர் அதிகாரி வருகிறார். இந்த இடம் குடிநீர் வாரியம் ஏற்கெனவே கையகப்படுத்தியது என்கிறார். அனுமதி கொடுத்ததும் அரசாங்கம், இல்லை என்பதும் அரசாங்கம். வழக்கு கோர்ட்டில். படம் அங்கே நின்றுவிடுகிறது.

இந்தக் கதைக்கு ஹாலிவுட் மூலம் எதுவும் இல்லை. அமிர்தகழியில் தன் பெற்றோர் வீடு கட்டியதுதான் மூலம். சிரித்துப் பேசி விளையாடிக்கொண்டிருந்த அம்மா, வீடு கட்ட ஆரம்பித்த பிறகு சிரிப்பை மறந்து போனதைச் சின்ன வயதில் பார்த்தவர் அவர். அதைத்தான் சென்னைக்கு மாற்றினார். ஐந்து மொழிகளில் படம் எடுத்த மனிதர், தன் ஊரான மட்டக்களப்பில் ஒரு படம் கூட எடுக்கவில்லை. அந்த ஊர் அவர் படங்களுக்குள் வந்த ஒரே வழி இப்படி, வேறு பெயரில், வேறு ஊரில்.

1987ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படம் 'வீடு', சிறந்த நடிகை அர்ச்சனா. அடுத்து வந்த 'சந்தியா ராகம்' கருப்பு-வெள்ளை, மறுபடி சொக்கலிங்க பாகவதர். கிராமத்திலிருந்து சென்னைக்கு, தம்பி மகன் வீட்டுக்கு வந்து சேரும் முதியவர். அந்தச் சின்ன வீட்டில் அவருக்கு எங்கே இடம் என்பதுதான் படம். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் வீடு இல்லாதவர்கள், வீடு இருந்தும் இடம் இல்லாதவர் என்று ஒரே படத்தின் இரண்டு பாகங்கள் மாதிரி இருக்கும்.

தொழிலாளர் பக்கம்

இங்கே இன்னொரு ஒளிப்பதிவாளர்-இயக்குநரைச் சேர்த்துச் சொல்லாமல் இருக்க முடியாது. நிமாய் கோஷ். அவரும் வெளியூர்க்காரர், வங்காளி. பிரிவினையில் வேரோடு பிடுங்கப்பட்ட கிழக்கு வங்க விவசாயிகளைப் பற்றி 'சின்னமூல்' (1950) எடுத்தார். கல்கத்தா சியால்தா ரயில் நிலையத்தில் இருந்த உண்மையான அகதிகளுக்கு நடுவே எடுத்த படம். சோவியத் இயக்குநர் புதோவ்கின் பார்த்துப் பாராட்டினார். அதற்குப் பிறகு நிமாய் கோஷ் சென்னைக்கு வந்துவிட்டார். 1960ல் தமிழில் 'பாதை தெரியுது பார்' இயக்கினார். இசை எம்.பி.சீனிவாசன். தொழிலாளர்களைப் பற்றிய படம். இந்த இருவரும்தான் ஃபெப்சி என்று எல்லோரும் சொல்கிற திரைப்படத் தொழிலாளர் சம்மேளனம் உருவாகக் காரணமாக இருந்த முக்கியமானவர்கள். லைட் தூக்குகிறவருக்கும், டிராலி தள்ளுகிறவருக்கும் இத்தனை மணி நேர வேலைக்கு இத்தனை கூலி என்று பேச ஓர் அமைப்பு.

1997ல் பாலு மகேந்திராவின் 'ராமன் அப்துல்லா' படப்பிடிப்பை ஒட்டி எழுந்த தகராறு அந்தச் சம்மேளனத்துக்கும் இயக்குநர்களுக்குமான பெரிய மோதலாக வளர்ந்து, தமிழ் சினிமா மாதக்கணக்கில் முடங்கியது. யார் பக்கம் நியாயம் என்பதைப் பற்றி அன்றைக்கே ஊர் இரண்டுபட்டது. ஒரு விஷயம் மட்டும் கவனிக்கத்தக்கது. பத்துப் பேர் செய்யும் வேலையை மூன்று பேரை வைத்து முடிக்கிற ஒருவரின் அழகியல், மீதி ஏழு பேருக்கு வேலை இல்லை என்றும் அர்த்தமாகும். குறைந்த வெளிச்சம் என்பது குறைந்த லைட்மேன்களும்தான். ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநரான இருவர், ஒரே ஊரில், இந்தக் கேள்வியின் இரண்டு முனைகளில் நின்றிருக்கிறார்கள்.

பட்டறை

அதற்குப் பிறகு வந்த வருடங்களில் அவர் செய்த மிகச் சிறந்த வேலை சினிமாவில் இல்லை, சன் டிவியில். 'கதை நேரம்'. வாரம் ஒரு சிறுகதை, அரை மணி நேரம், வீடியோ. சுஜாதா உட்படத் தமிழ் எழுத்தாளர்களின் கதைகள். இரவல் கதை என்ற குறை இங்கே தலைகீழாகிவிட்டது. யாருடைய கதை என்று பெயர் போட்டு, சொந்த மொழியிலிருந்து எடுத்தார். புத்தகத்தைத் தொடாத பல வீடுகளுக்குச் சிறுகதை இப்படித்தான் போய்ச் சேர்ந்தது. அந்தக் கதைகளைப் படித்துச் சுருக்கம் எழுதும் வேலையில் சேர்ந்த பையன்களில் ஒருவர் வெற்றிமாறன்.

பாலா, ராம், வெற்றிமாறன், சீனு ராமசாமி, கவிஞர் நா.முத்துக்குமார் எல்லோரும் அந்த வீட்டு வாசலில் நின்றவர்கள். 2007ல் 'சினிமா பட்டறை' என்று ஒரு பள்ளியே தொடங்கினார். சிஷ்யர்களில் யாரும் குருவைப் போலப் படம் எடுக்கவில்லை. 'சேது'வின் இரைச்சலும் 'ஆடுகளத்'தின் புழுதியும் ஊட்டி மூடுபனிக்கு ரொம்ப தூரம். கேமராவையும் அவர்கள் தாங்களே பிடிக்கவில்லை. கதையை எங்கே தேடுவது என்பதைக் கற்றுக்கொண்டார்கள். குருவுக்குத் தாமதமாகக் கிடைத்த பாடம் சிஷ்யர்களுக்கு முதலிலேயே கிடைத்துவிட்டது.

நெகடிவ்

'தலைமுறைகள்' 2013 டிசம்பரில் வந்தது. தயாரிப்பு சசிகுமார். எழுபத்து நான்கு வயதில் பாலு மகேந்திரா தாத்தாவாக நடித்தார். வெளியில் எங்கே போனாலும் தலையில் இருக்கும் அந்தத் தொப்பி இல்லாமல் அவரைப் பலரும் அப்போதுதான் பார்த்தார்கள். தமிழ் தெரியாத பேரனுக்குத் தாத்தா தமிழ் சொல்லிக்கொடுக்கிறார். படத்தை எடுத்தது கேனன் 5டி என்ற ஸ்டில் கேமராவில், கல்யாண வீட்டில் போட்டோகிராபர் கழுத்தில் தொங்குமே, அதில். 100 ஏஎஸ்ஏ ஃபிலிமை வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் காத்திருந்தவருக்கு, கடைசியில் அவர் கேட்ட வெளிச்சத்திலேயே எடுக்கக்கூடிய கருவி கையில் அடங்கும் அளவில் கிடைத்துவிட்டது. 2014 பிப்ரவரி 13 அன்று சென்னையில் இறந்தார். தேசிய ஒருமைப்பாட்டுக்கான நர்கிஸ் தத் விருது 'தலைமுறைகளு'க்கு என்று அறிவித்தபோது அவர் இல்லை.

கடைசி வருடங்களில் மேடை கிடைத்த இடத்திலெல்லாம் ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். 'வீடு' படத்தின் நெகடிவ் இப்போது இல்லை. 'சந்தியா ராகம்' நெகடிவும் இல்லை. தமிழ் சினிமாவுக்கு ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும் என்று அரசாங்கத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். பூனாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964லேயே வந்துவிட்டது. வருடத்துக்கு நூற்றுக்கணக்கில் படம் எடுக்கிற சென்னையில், லேபில் கிடக்கும் நெகடிவ் தயாரிப்பாளரின் பொறுப்பு. தயாரிப்பாளர் தொழிலை விட்டுப் போயிருப்பார், சேமிப்பு வாடகை கட்ட ஆள் இருக்காது. கணக்குப் புத்தகத்தில் படம் ஓடி முடிந்த அன்றே அதன் மதிப்பு பூஜ்யம். தேய்மானம் முழுக்க எழுதித் தள்ளிய சொத்தை யார் குளிர்சாதன அறையில் வைத்துப் பாதுகாப்பார்கள்? நிமாய் கோஷின் 'பாதை தெரியுது பார்' படமும் இன்று பார்க்கக் கிடைப்பதில்லை.

இப்போது 'வீடு' பார்க்க வேண்டுமென்றால் பழைய வீடியோ பிரதியிலிருந்து வந்த நகல்தான் கிடைக்கிறது. நகலின் நகலில் முதலில் காணாமல் போவது நிழலுக்குள் இருக்கும் விவரங்கள். வெள்ளை வெளிறிப் போகிறது, இருட்டு ஒரே கறுப்புத் திட்டாகிவிடுகிறது. தாத்தா அந்தப் பாதி கட்டிய வீட்டுக்குள் நுழைந்து சுவரைத் தடவும் இடத்தில், அவர் கை தெரிகிறது, குடை தெரிகிறது. சுவரில் செங்கல் வரிசை தெரியவில்லை.